சமாளிக்கத் தெரியாத மச்சாள்

குருக்கள்மடத்தில் நான் சைக்கிள் கடை வைத்திருந்த காலத்தில், என் வேலையை முகத்துக்கு நேரே பிழை என்று சொன்ன ஒரே ஆள் அவள்தான். முறைக்கு எனக்கு மச்சாள். என்னைவிட இரண்டு வயது மூப்பு. பட்டணத்தில் ஒரு கந்தோரில் காணிப் படம் வரைகிற வேலை. காலையில் பஸ் ஏறி, ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறங்கி நடந்து, கைப்பையைத் திறந்து காட்டி, மறுபடி ஏறிப் போவாள். பின்னேரம் அதே மாதிரித் திரும்பி வருவாள். கல்யாணம் கட்டவில்லை. ஏன் என்று அவளிடம் இரண்டாம் தரம் கேட்ட ஆளை நான் கண்டதில்லை.

ஒரு நாள் பெடல் தண்டு ஆடுகிறது என்று சைக்கிளைக் கொண்டுவந்தாள். தண்டை இறுக்குகிற சின்ன இரும்பு ஆப்புத் தேய்ந்துபோயிருந்தது. அந்த நாட்களில் புது ஆப்புக்கு எங்கே போவது? றோட்டுத் திறந்து லொறி வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. பால்மாப் பேணித் தகரத்தில் ஒரு துண்டு வெட்டி, இரண்டாக மடித்து, பழைய ஆப்போடு சேர்த்து அடித்து இறுக்கினேன். ஊரில் பாதிச் சைக்கிள் அப்போது என் தகரத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. அவள் கடை வாசலிலேயே ஒரு வட்டம் ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கினாள்.

"மச்சான், உள்ளுக்குக் கிடக்கிறது ஆப்பா, தகரமா?"

"ஆப்புக்குத் துணையாத் தகரம். ஆறு மாசத்துக்குச் சமாளிக்கும் மச்சாள்."

"ஆறு மாசம் போக?"

"மறுகா வேற தகரம்."

"கழட்டு."

"கழட்டினா ஆடுமே!"

"ஆடட்டும். முந்தி ஆடினது எனக்குத் தெரிஞ்சு ஆடினது. இப்ப ஆடாத மாதிரி இரிக்கு. அதுதான் எனக்குப் பயம்."

கழற்றிக் கொடுத்தேன். சைக்கிளை வீட்டுச் சுவரில் சாத்தி வைத்துவிட்டு ஆறு கிழமை, ஒன்றரை மாதம், பஸ் நிறுத்தத்துக்கு நடந்தே போனாள். வழியில் என் கடை. ஒவ்வொரு நாளும் என் கண்ணுக்கு முன்னால் நடந்து போவாள். என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, சிரித்துக்கொண்டு போவாள். ஏழாம் கிழமை லொறியில் ஆப்பு வந்தது. நான் சொல்லி அனுப்பவில்லை, ஓடிப்போய் நானே பூட்டிவிட்டு வந்தேன்.

அந்த வருடங்களில் எங்கள் எல்லோருடைய வாயிலும் ஒரே சொல்தான். எப்படி இருக்கிறீர்கள் என்றால் சமாளிக்கிறோம். மண்ணெண்ணெய் இல்லையா, சமாளிக்கிறோம். மாவு வரவில்லையா, சமாளிக்கிறோம். பிடித்துக்கொண்டு போன பிள்ளையைப் பற்றி ஒரு தகவலும் இல்லையா, அதற்கும் தலையைக் குனிந்துகொண்டு அதே சொல். அவளுக்கு மட்டும் அந்தச் சொல் ஆகாது. கேட்டால் முகம் சுருங்கிவிடும்.

"சமாளிக்கிறதெண்டா என்ன தெரியுமா மச்சான்? பிழைய வீட்டுக்குள்ள கூட்டி வந்து, கதிரை போட்டு இருத்துறது. மறுகா அது எழும்பிப் போகாது."

எனக்கு எரிச்சலாக வரும். சமாளிப்புத்தானே என் சோறு.

இப்படிப்பட்டவள் பிறகு தன் கையாலேயே ஒரு கணினி கட்டினாள். ஏன் என்று சொல்வதற்கு வாவிக்கு அந்தப் பக்கம் போக வேண்டும். எங்கள் ஊர்க்காரருக்கு வீடு இந்தக் கரை, வயல் அந்தக் கரை. மிதவையில் ஏறிக் கடந்து போய் விதைத்து, காவல் இருந்து, வெட்டி வருவோம். எங்கள் வட்டையில், அந்த வயல்வெளியில், அறுபதுக்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு வயல் இருந்தது. வடக்குப் பக்கத்தில் காத்தான்குடி முஸ்லிம் ஆட்களுக்கும் காணி. சண்டை வந்தது. வட்டைக்குள் காவலரண் வந்தது. காவலரணைச் சுற்றி மண் அணை வந்தது. அணைக்கு வேண்டிய மண்ணை எங்கள் வரம்புகளில்தான் புல்டோசர் வழித்தது. மரங்களும் அதோடு போயின. இக்கரையில் நின்று பார்த்தால் ஒரே வெட்டவெளி. எது யாருடைய வயல் என்று காட்ட ஓர் அடையாளம் இல்லை. பலருடைய காணி உறுதிப் பத்திரங்களும் வீடுகளோடு எரிந்துபோயிருந்தன. எனக்கும் அங்கே இரண்டரை ஏக்கர். என் பெண்சாதிக்குச் சீதனமாக வந்தது.

உயிர் தப்பினால் போதும் என்று நாங்கள் இருந்தோம். அவள் ஒரு சதுரக் கொப்பியை எடுத்துக்கொண்டு வீடு வீடாக இறங்கினாள். ஒவ்வொருவரிடமும் நான்கு எல்லையைக் கேட்டாள். உனக்கு வடக்கே யார், தெற்கே யார், எத்தனை முழம், எந்த மரம், எந்த வாய்க்கால். நீ வடக்கே கந்தையா என்று சொன்னால், கந்தையா தனக்குத் தெற்கே நீ என்று சொல்ல வேண்டும். அளவும் ஒத்துவர வேண்டும். ஒத்துவராவிட்டால் இரண்டு பேரையும் முகத்துக்கு முகம் இருத்திக் கேட்பாள்.

"சண்டை முடியும். எப்ப எண்டு தெரியா. முடியிற அண்டைக்கு ஆராவது ஒரு கோட்டைக் கீறி, இதுதான் உன்ட எண்டு சொல்லுவான். அப்ப நாம என்னத்தக் காட்டுற?"

அந்தக் கொப்பியைப் பற்றிக் கேள்விப்பட்டு இயக்கப் பொடியன்கள் இரண்டு பேர் வந்து, தங்களுக்கு ஒரு பிரதி வேண்டும் என்றார்கள். நான் அப்போது அவள் வீட்டு வேலியோரம் நின்றேன். அவள் கொப்பியை விரித்து, பேனாவை எடுத்தாள்.

"உங்களுக்கு இந்த வட்டையில காணி இரிக்கா தம்பி? இருந்தா எல்லையச் சொல்லுங்க, எழுதுறன். இல்லாட்டி இது உங்களுக்கு என்னத்துக்கு?"

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். இரண்டு மாதம் கழித்து, சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் அதே கொப்பியைக் கைப்பையிலிருந்து எடுத்தான். தமிழ்ப் பெயர்கள் வரிசை வரிசையாக, பக்கத்தில் இலக்கங்கள். அவன் என்ன நினைத்திருப்பான் என்று சொல்லத் தேவையில்லை. காணிக் கணக்கு என்று அவள் சொன்னதை மொழிபெயர்க்க ஆள் இல்லை. கொப்பி போய்விட்டது. ஒன்றரை வருட வேலை.

அழுவாள் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு கடைக்கு வந்தாள்.

"மச்சான், நான் ஒரு கொம்பியூட்டர் செய்யப் போறன்."

"வாங்கப் போறியா?"

"செய்யப் போறன். முழுசா வாங்கினா மூண்டு இடத்தில கடிதம் எடுக்கணும். ஆருக்கு, என்னத்துக்கு எண்டு ஆயிரம் கேள்வி. துண்டு துண்டா வந்தா அது சும்மா சாமான். கொப்பியப் பறிச்சா ஒரு கொப்பிதான். கொம்பியூட்டருக்குள்ள இருந்தா பத்துப் பிளொப்பியில பத்துப் பிரதி எடுத்துப் பத்து வீட்டில வைப்பன். ஆர் வந்து எத்தினையப் பறிப்பான், பாப்பம்."

கந்தோரில் ஒரு கணினி இருந்தது. அதன் கைநூலை மத்தியானச் சாப்பாட்டு நேரங்களில் முழுவதும் படித்து முடித்திருந்தாள். கொழும்புப் பத்திரிகையில் வரும் கடை விளம்பரங்களை வெட்டி வைத்திருந்தாள். படம் வரைகிற பெரிய தாளில் ஒரு கட்டம் போட்டாள். இடது பக்கம் சாமான்களின் பெயர். ஒவ்வொன்றுக்கும் நேரே இரண்டு கட்டம்: இது எதைக் கேட்கிறது, இது எதைக் கொடுக்கிறது. புரொசசர் இத்தனை ஊசிக்கால் உள்ள இருக்கையைக் கேட்கும். அந்த இருக்கை உள்ள பலகை இந்த நீளத்து மெமறியைக் கேட்கும். அதே பலகை மின்சாரம் கொடுக்கிற பழைய மாதிரி மின்பெட்டியைக் கேட்கும். அந்த மின்பெட்டி பழைய மாதிரிக் கூட்டுக்குள்தான் இருக்கும். ஒன்றை மாற்றினால் கீழே நாலு கட்டத்தை அழித்து எழுதுவாள். பென்சிலால்தான் எழுதுவாள், அழிறப்பர் எப்போதும் கையோரம் கிடக்கும். பேனாவால் வெட்டி எழுதினால் வெட்டினதும் கிடக்கும், எழுதினதும் கிடக்கும், பிறகு எதை நம்புவது என்பாள்.

நான் தாளைப் பார்த்து வாய் பிளந்துகொண்டு நின்றேன். என் தொழிலில் எந்த நட்டும் எந்த போல்ட்டுக்கும் போகும். போகாவிட்டால் சுத்தியல் இருக்கிறது.

சாமான் கொண்டுவர ஊருக்குப் பழக்கமான வழி ஒன்று உண்டு. ஆளுக்கு இரண்டு போத்தல் மண்ணெண்ணெய்க்கு மேல் விடமாட்டார்கள் என்றால், பஸ்ஸில் வருகிற பத்துப் பேர் ஆளுக்கு இரண்டாகப் பிரித்துக்கொள்வார்கள். அப்படியே இதையும் பிரித்தாள். கொழும்புக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுக் கடதாசி. அதில் ஒரே ஒரு சாமான், அதன் அளவு, அடையாளம். விசிறி பெரியகல்லாற்று மருந்துக்கடைக்காரரின் பெட்டிக்குள் வந்தது. புரொசசர் ஓர் ஆசிரியையின் சோப்புப் பெட்டிக்குள் வந்தது. பலகையைக் கலண்டர் மட்டைகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தார்கள். அதில் காசு மாதிரி வட்டமாக ஒரு பற்றரி இருந்ததாம். பற்றரி என்றாலே சந்தேகம் என்று ஆமிக்காரன் கத்தி நுனியால் நெம்பி எடுத்துவிட்டு மீதியைத் தந்திருக்கிறான்.

எனக்குத் தந்தது மெமறி. கொழும்பில் கடைக்காரன் அவளுடைய கடதாசியைப் பார்த்துச் சிரித்தான். இந்தக் கட்டைச் சாமான் பழசு அண்ணே, புதுசு வந்திருக்கிறது, நீளம், வேகம் இரட்டிப்பு, உங்களுக்காக அதே விலைக்குத் தருகிறேன் என்றான். பெரியதைச் சின்னதின் விலைக்குத் தந்தால் எந்த மடையன் வேண்டாம் என்பான்? சைக்கிள் ரியூப் சுருளுக்குள் ஒளித்து, மூன்று சாவடி தாண்டி, வெற்றி வீரனாக அவள் மேசையில் வைத்தேன்.

அவள் அதைக் கையில் எடுத்ததும் வைத்துவிட்டாள்.

"இது இல்ல மச்சான்."

"இது அதைவிட நல்லது மச்சாள். புதுசு."

"நல்லதுதான். இந்தப் பலகைக்கு இல்ல."

பலகைக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். இருக்கை கட்டை, சாமான் நீளம். வெட்டு விழுந்த இடமும் வேறு. எனக்கு ரோசம் வந்துவிட்டது. இவ்வளவு தூரம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கொண்டுவந்திருக்கிறேன். மடியிலிருந்து அரத்தை எடுத்து, "ஓரத்தில ஒரு ராவு ராவினா ஏத்திப் போடலாம்" என்றேன். உண்மையாகவே ராவப் போனேன். என் கையை அவள் பிடித்த பிடி இன்னும் நினைவிருக்கிறது.

"இது அடிச்சு ஏத்துற சாமான் இல்ல. பொருந்தினா ரெண்டு விரலால அமத்தப் போகும். பொருந்தாட்டி நீ என்ன செய்தாலும் போகாது. பலவந்தமா ஏத்தினா எல்லாத்தையும் சேத்து எரிக்கும்."

எறிந்துவிடுவாள் என்று நினைத்தேன். ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து, பஞ்சு போட்டு அதற்குள் வைத்து, ஒரு சின்னக் கடதாசியில் எழுதிக் கட்டினாள். கேட்பது: நீள இருக்கை, இரண்டு வெட்டு.

"இது பிழையான சாமான் இல்ல மச்சான். இதுக்குரிய பலகை இஞ்ச இல்ல, அவ்வளவுதான். உன்ட கடையில வை."

அப்படி இன்னும் இரண்டு சாமான் அந்த டின்னுக்கும் அதன் பக்கத்துக்கும் வந்து சேர்ந்தன. ஒருவர் புதுமாதிரி மின்பெட்டி கொண்டுவந்தார். இன்னொருவர் வேறு கால் எண்ணிக்கையுள்ள புரொசசர் கொண்டுவந்தார். எல்லோரும் என்னைப் போல நல்ல மனதோடுதான் பிழைவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் ஒரு கடதாசி கட்டி என் ஆணிப் பெட்டிகளுக்கு நடுவே வைத்தாள். அடுத்த மாதம் நான் மறுபடி கொழும்புக்குப் போய்க் கட்டைச் சாமானைத் தேடி வாங்கி வந்தேன். வழி முழுக்க அவளைத் திட்டிக்கொண்டுதான் வந்தேன்.

பழைய மாதிரி மின்பெட்டி மட்டும் எங்கும் கிடைக்கவில்லை. காத்தான்குடியில் லெவ்வை காக்காவின் மகன் வெளிநாட்டில் கணினி திருத்துகிறான் என்று யாரோ சொன்னார்கள். காத்தான்குடியில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வட்டையில் என் காணிக்கு வடக்குக் காணி அந்த லெவ்வை காக்காவுடையதுதான். இரண்டு பக்கமும் வெட்டுக்கொத்து நடந்து, ஒருவர் ஊருக்கு ஒருவர் போகப் பயந்த காலம். பஸ் அங்கே நின்றாலும் எங்கள் ஆட்கள் இறங்குவதில்லை. அவள் இறங்கினாள். தனியாகப் போய் அவருடைய புடவைக் கடைக்குள் ஏறி, முதலில் மின்பெட்டியைக் கேட்கவில்லையாம்.

"காக்கா, உங்கட வட்டைக் காணிக்குத் தெற்கு எல்லை என்ன?"

லெவ்வை காக்கா பின்னொரு நாள் இதை எனக்குச் சொன்னார். "இத்தின வருசமா அந்தக் காணியப் பத்தி ஒரு மனிசன் என்னட்டக் கேட்டதில்ல தம்பி. எனக்கே அது இல்லாத மாதிரிப் போயிட்டு. அந்தப் புள்ள கேக்கக்குள்ளதான், ஓம், எனக்கு ஒரு காணி இரிக்கே எண்டு நினைவு வந்திச்சு" என்றார். மின்பெட்டியை மகனிடம் சொல்லி எடுப்பித்து, மிக்சிப் பெட்டிக்குள் வைத்து அனுப்பினார்.

அவர்களுடைய காணியை ஏன் எழுதுகிறாய் என்று நான் அவளோடு சண்டை பிடித்தேன். வெட்கத்தோடு சொல்கிறேன், பிடித்தேன்.

"அவர்ட தெற்கு இல்லாம உன்ட வடக்கு எங்க இரிக்கும் மச்சான்?" என்று மட்டும் கேட்டாள்.

பெட்டியைப் பூட்டிய நாளில் நானும் நின்றேன். மின்பெட்டியிலிருந்து வருகிற இரண்டு செருகிகளையும் பக்கத்தில் பக்கத்தில் பூட்ட வேண்டும், கறுப்பு வயர்கள் நடுவில் வர வேண்டும், மாறினால் பலகை கருகிவிடும். புரொசசரின் ஒரு மூலையில் கால் குறைவு, இருக்கையின் அதே மூலையில் துளை குறைவு. அவள் அதை வைத்தாள். தானாக இறங்கியது. சுத்தியல் இல்லாமல் ஒரு சாமான் இன்னொன்றுக்குள் இறங்குவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆளியைப் போட்டு மின்சாரம் கொடுத்தாள். ஒரு முறை கீச்சென்றது. திரையில் எழுத்து வந்தது. பற்றரியை நெம்பி எடுத்துவிட்டதால் அதற்குத் தேதி தெரியாது. எழும்பும்போதெல்லாம் ஏதோ ஒரு பழைய வருடத்து ஜனவரி முதலாம் தேதி என்று சொல்லும். அப்படியே விட்டாலும் வேலை நடக்கும். அவள் விடுவாளா? ஒவ்வொரு நாளும் முதல் வேலையாக அன்றைய தேதியைக் கையால் அடிப்பாள்.

"அவங்க எடுத்தா எடுக்கட்டும். இண்டைக்கு என்ன நாள் எண்டு எனக்குத் தெரியும்."

வட்டைக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. மறுபடி வீடு வீடாகப் போனாள். இந்த முறை ஒவ்வொரு காணிக்கும் ஒரு பக்கம். எல்லை ஒத்துவந்ததும் கந்தோரில் அச்சடித்து, காணிக்காரரும் அயற்காணிக்காரரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்ள வேண்டும். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது, என் காணி வரும் வரைக்கும். என் வடக்கு எல்லையில் முந்தி ஒரு மருத மரம் நின்றது.

"மருத மரம் ஆர்ட காணிக்குள்ள மச்சான்?"

"என்ட."

"மரத்துக்கு வடக்கால எவ்வளவு?"

"நாலு முழம்."

"லெவ்வை காக்கா மரம் தன்ட எண்டுறார். வரம்பு மரத்துக்குத் தெற்கால போகுது எண்டுறார்."

"மரம்தான் இப்ப இல்லையே மச்சாள். அவரும் இனி எங்க வரப்போறார்?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்குக் கேட்டது. நான் ரயரை உருட்டிக்கொண்டே, "நடுவால ஒரு கோட்டைப் போடு. ரெண்டு பேரும் சமாளிச்சுப் போறம்" என்றேன்.

"நடுவால போட்டா ரெண்டு பேருக்கும் பொய். உன்ட பக்கம் வெறுமையாக் கிடக்கட்டும். நீ சொல்லுற அண்டைக்கு எழுதுறன்."

என்னுடையது வெறுமையாகக் கிடந்தால் எனக்கு அண்டைக் காணிகளும் முடியாது. என் கிழக்குக் காணிக்காரன் கடைக்கு வந்து கத்திவிட்டுப் போனான். தெற்குக் காணிக்காரி என் பெண்சாதியிடம் கதைப்பதை நிறுத்தினாள். அவள் மட்டும் வழக்கம்போல என் கடைக்கு முன்னால் சிரித்துக்கொண்டு போனாள். அவளிடம் ஊரே பயந்தது அடிப்பாள் என்றோ பேசுவாள் என்றோ இல்லை. காத்திருப்பாள் என்றுதான். மூன்று மாதம் நான் வாய் திறக்கவில்லை.

பிறகு ஒரு விடியற்புறம் ஆமிக்காரர்கள் ஊரைச் சுற்றிவளைத்தார்கள். அவள் வீட்டில் பெட்டியைக் கண்டார்கள். ஒரு பெண் தனியாக, தன் கையால் பூட்டிய கணினி. நம்புவார்களா? பெட்டியையும் கொண்டுபோனார்கள், அவளையும் கொண்டுபோனார்கள். சுவரில் ஒட்டியிருந்த கட்டத்தாளையும் உரித்துக்கொண்டு போனார்கள். ஊர்ப் பெரியவர்கள், கந்தோர் ஆட்கள், சாமியார் எல்லோரும் போய் நின்றார்கள். லெவ்வை காக்கா காத்தான்குடியிலிருந்து வந்து, மின்பெட்டி தான் கொடுத்தது என்று வெள்ளைத் தொப்பியோடு முகாம் வாசலில் நின்று சொன்னார். அந்த மனிதருக்கு அப்படிச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. அவர் காணியில் நாலு முழத்தை விழுங்கப் பார்த்தவன் பக்கத்தில் நிற்கிறேன் என்று அவருக்குத் தெரியும். என்னைப் பார்த்துத் தலையாட்டினார், அவ்வளவுதான்.

நாலாம் நாள் அவளை விட்டார்கள். பெட்டியைத் தரவில்லை. முகம் வீங்கியிருந்தது. இடது கையைத் தூக்க முடியவில்லை. வீட்டுக்குப் போகவில்லை, நேரே என் கடைக்கு வந்து ரயர்க் குவியலில் இருந்தாள். தண்ணீர் கொடுத்தேன். குடித்தாள்.

"மச்சான், அந்த பிஸ்கட் டின்ன எடு."

எடுத்துக் கொடுத்தேன். கடதாசிகளை ஒவ்வொன்றாக வாசித்தாள். நீள மெமறி, புதுமாதிரி மின்பெட்டி, வேறு கால் புரொசசர். நாங்கள் பிழையாகக் கொண்டுவந்த அத்தனையும் ஒரே காலத்துச் சாமான். ஒன்றுக்கொன்று கேட்பதும் கொடுப்பதும் சரியாக இருந்தது. பலகை ஒன்றும் டிஸ்க்கும் கூடும் திரையும்தான் குறைவு.

"இதுக்குரிய பலகை வந்தா மத்ததத் தேடிப் பிடிக்கலாம். காக்காட மகனுக்கு எழுதுவம்" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு அடி வாங்கிக்கொண்டு வந்து இருக்கிறாள், இருந்த இடத்திலிருந்து அடுத்ததைக் கட்டத் தொடங்குகிறாள். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"மருத மரம் காக்காட மச்சாள். வரம்பு தெற்கால."

"தெரியும்" என்றாள். "வீட்ட போய் எழுதுறன்."

இரண்டாவது பெட்டி ஐந்து மாதத்தில் எழும்பியது. பத்துப் பிளொப்பியில் ஒன்று என் ரியூப் சுருளுக்குள் இருந்தது. அதிலிருந்து கணக்கை எடுத்தாள். அறுபத்துச் சொச்சம் பக்கமும் அச்சாகி ஆளுக்கொன்று கையில் வந்தது. என் பக்கத்தில் வடக்கு எல்லை என்ற இடத்தில் லெவ்வை காக்காவின் கையெழுத்தும் என் கையெழுத்தும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. சண்டை முடிவதை அவள் பார்க்கவில்லை. அதற்கு முந்திய வருடம் நோய் வருத்தம் வந்து படுத்து, போய்விட்டாள். படுக்கையில் பார்க்கப் போனவர்கள் எப்படி இருக்கிறாய் என்று கேட்டபோது, "நல்லா இல்ல" என்றுதான் கடைசிவரை சொன்னாள். சமாளிக்கிறேன் என்று ஒரு தரம்கூடச் சொல்லவில்லை.

சண்டை முடிந்து, மண் அணையைக் கிளறி எடுத்து, காணி விசாரணை என்று கூப்பிட்டார்கள். வட்டைக் கரையில் ஒரு தரப்பாள் பந்தலுக்குக் கீழே மேசை. இளம் உத்தியோகத்தர் ஒருவர். மேசையில் கிழிந்த ஒரு பழைய படம். வரம்புக் கோடுகள் மங்கிப்போய், சில இடங்களில் யாரோ பென்சிலால் நேராக இழுத்துவிட்டிருந்தார்கள். என் வடக்கு எல்லையில் அந்தப் பென்சில் கோடு மருத மரம் நின்ற இடத்துக்கு அப்பால் போனது. நாலு முழம் இருக்கும்.

லெவ்வை காக்காவும் அப்போது இல்லை. காணி மகளுக்கு. அவள் கணவனோடு வந்திருந்தாள்.

"மரம் எங்கட எண்டுதான் வாப்பா சொல்லுவார் சேர்" என்றாள் அந்தப் பிள்ளை. "ஆனா அவர்ட தாள் சுனாமிக் கடல் வந்த அண்டு வீட்டோட போயிட்டு. எங்கட கையில ஒண்டும் இல்ல. பறவாயில்ல, கோடு கிடக்கிற மாதிரியே கிடக்கட்டும். நாங்க சமாளிக்கிறம்."

உத்தியோகத்தர் என்னைப் பார்த்தார். "உங்களுக்குச் சம்மதம்தானே ஐயா? உங்கட பக்கம்தான் கூடுது."

அந்தச் சொல்லை அந்தப் பிள்ளையின் வாயில் கேட்டதும் எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. அவள்மேல் இல்லை. நாற்பது வருடம் தகரம் மடித்து அடித்த என் கையின்மேல்.

"சமாளிக்க வேணாம் மகள்" என்றேன். பையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்து, அதற்குள்ளிருந்த பக்கத்தை மேசையில் விரித்தேன். "இது உங்கட வாப்பாட கையெழுத்து. இது என்ட. மரம் உங்கட. வரம்பு தெற்கால. சேர், கோடு பிழை."

அவர் இரண்டு தரம் வாசித்தார். "சரி ஐயா. பேனாவால வெட்டிட்டுப் பக்கத்தில சரியான கோட்டைக் கீறி விடுறன்."

"வெட்டினா வெட்டினதும் கிடக்கும், கீறினதும் கிடக்கும். பென்சில் கோடுதானே. அழிச்சுப் போட்டுக் கீறுங்க."

"அழிறப்பர் இல்லை ஐயா. பின்னால இன்னும் முப்பது பேர் நிக்கிறாங்க. இப்போதைக்கு இப்படிச் சமாளிப்பம்."

வரிசையில் முணுமுணுப்புக் கேட்டது. யாரோ என் முழங்கையைப் பிடித்து இழுத்தார்கள். வெயில் உச்சிக்கு வந்திருந்தது. லெவ்வை காக்காவின் மகள் தன் வாப்பாவின் கையெழுத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றாள்.

"துறையடியில பெட்டிக்கடை இரிக்கு. ஆளை அனுப்புங்க. வரும் வரைக்கும் நான் இஞ்ச நிக்கிறன்" என்று சொல்லிவிட்டு மேசைக்கு முன்னாலேயே நின்றேன்.